நிறுத்த ஆளில்லாத கிரைண்டர்

டிவியில் கொலை நடக்கும்போது இடி இடிப்பதை முதலில் தடை செய்ய வேண்டும் என்று ஒரு காலத்தில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். சித்திரை மாத வெயில், பட்டப்பகல், வானத்தில் பெயருக்குக்கூட ஒரு மேகம் இருக்காது. ஒருவன் கத்தியை எடுப்பான், உடனே இடி. அவன் முகத்தை மூன்று முறை அடுத்தடுத்துக் காட்டுவார்கள், ஒவ்வொரு முறையும் ஒரு ‘டொய்ங்’. எங்கிருந்தோ ஒரு பூனை கத்தும். இதையெல்லாம் வெட்டி ஒட்டிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு என்பதால், நாள் முழுக்க ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்து எரிந்து விழுவேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த சில வருடங்கள் அவை. வாரத்துக்கு ஒரு குற்றக் கதை என்று வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒளிபரப்பான தொடர் ஒன்றுக்கு நான் எடிட்டர். கிழக்குத் தாம்பரத்தில் வீடு, கோடம்பாக்கத்தில் எடிட்டிங் அறை, நடுவில் மின்சார ரயில். வீட்டில் அம்மா, அக்கா, நான். அப்பா நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் போய்விட்டார். அக்கா காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தாள். அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்த்துக்கொண்டே இருந்தோம் என்று சொல்வதுதான் சரி.

வெள்ளிக்கிழமை அக்கா சீக்கிரம் வந்துவிடுவாள். முறத்தையோ கீரைக்கட்டையோ மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்காருவாள். முதல் நிமிடம் முடிவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

“டேய், இந்த இடிக்கு யாராவது பயப்படுவாங்களாடா? எங்க லைப்ரரில ஒரு புக் கீழ விழுந்தா இதவிட பயமா இருக்கும்.”

“அப்ப உனக்கு எதுக்குத்தான் பயம்? அதயாவது சொல்லு, வெச்சுடறேன்” என்றேன் ஒரு நாள், கடுப்பில்.

கிண்டலாக ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு உண்மையாகவே யோசித்தாள்.

“ஸ்கூல் விட்டு வருவேன்ல. கேட்டத் தொறக்கும்போதே உள்ள கிரைண்டர் ஓடற சத்தம் கேக்கும். அம்மான்னு கூப்பிடுவேன். பதில் வராது. மறுபடி கூப்பிடுவேன். கிரைண்டர் மட்டும் ஓடிட்டே இருக்கும். அப்படியே வாசல்லயே நின்னுடுவேன்டா. உள்ள போக கால் வராது.”

“அம்மா எங்க போயிருப்பாங்க?”

“மாடில துணி எடுத்துட்டிருப்பாங்க. அது அவங்க எறங்கி வந்தப்புறம்தான தெரியும்?”

அன்று ராத்திரி சாப்பிடும்போதும் எனக்கு அதே நினைப்பாக இருந்தது. அத்தனை வருடம் குற்றக் கதைகளை வெட்டி ஒட்டிய எனக்குத் தோன்றாதது, கீரை ஆய்ந்துகொண்டே இவளுக்குத் தோன்றியிருக்கிறது. கிரைண்டர் சத்தத்தில் பயப்பட எதுவுமே இல்லை. ஆனால் அது தானாக ஓடாது. ஒரு கை போட்டிருக்கும், நடுநடுவே ஒரு கை மாவைத் தள்ளிவிடும், கடைசியில் ஒரு கை நிறுத்தும். அந்தக் கை எங்கே என்று காது தேட ஆரம்பித்துவிட்டால் இடியும் வேண்டாம், பூனையும் வேண்டாம்.

மறுநாளே டைரக்டரிடம் சொன்னேன். சினிமாவில் பல வருடம் உதவி இயக்குநராக இருந்துவிட்டுத் தொடருக்கு வந்தவர் அவர். நல்ல மனிதர், கேமராவுக்கு அடியில் எலுமிச்சம்பழம் இல்லாமல் ஒரு ஷாட் எடுக்க மாட்டார். தொடருக்குப் புதிய டைட்டில் காட்சி எடுக்க வேண்டும் என்று அவரும் நினைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாரமும் கதை தொடங்குவதற்கு முன்னால் அதே காட்சிதான் வரும். நான் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, “உங்க வூட்லயே எடுத்துடலாமா?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் வந்து நின்றது. பிணமாகப் படுக்க வேண்டிய துணை நடிகை வரவில்லை; குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“நான் வேணா படுத்துக்கவா சார்?” என்றாள் அக்கா. வேன் வந்ததிலிருந்தே அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். “வயசுப் பொண்ணு, கல்யாணம் ஆக வேண்டியவ. அவளப் பொணமா படுக்க வெப்பீங்களா தம்பி?”

டைரக்டர் எழுந்து நின்று பவ்யமாக விளக்கினார். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவரை அப்படியே எழுந்து போக விடமாட்டார்கள். ஷாட் முடிந்ததும் கேமராவை மறுபடி ஓட விடுவார்கள். படுத்தவர் கண்ணைத் திறந்து, கேமராவைப் பார்த்து நன்றாகச் சிரிக்க வேண்டும். அதையும் பதிவு செய்த பிறகுதான் எழுந்திருக்கலாம். வெளியே பூசணிக்காய் உடைப்பார்கள். செத்த மாதிரி படுத்த தோஷம் அந்தச் சிரிப்போடு கழிந்துவிடும் என்பது நம்பிக்கை. அந்தச் சிரிப்பை யாரும் ஒளிபரப்புவதில்லை. டேப்பில் அதைப் பார்ப்பவன் எடிட்டர் ஒருவன்தான். சாவை நம்பும்படி நடித்த எத்தனையோ பேர் அந்தச் சிரிப்பைச் சொதப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

அம்மா அரைமனதோடு நகர்ந்து சமையலறை வாசலில் நின்றுகொண்டாள்.

இசை வேண்டாம், ரத்தம் வேண்டாம் என்று நான் முன்பே சண்டை போட்டுச் சம்மதம் வாங்கியிருந்தேன். ரத்தத்தைக் காட்டினால் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் பார்ப்பவன் சாய்ந்து உட்கார்ந்துவிடுவான். கேமரா ஆள் உயரத்தில் இருக்கக் கூடாது என்பதிலும் பிடிவாதமாக இருந்தேன். தரையோடு தரையாகப் போக வேண்டும். முதலில் கேட்டில் தொங்கும் பையில் வெயில் ஏறியும் எடுக்கப்படாத பால் பாக்கெட். பிறகு வாசலில் ஒரு ஜோடி செருப்பு, கழற்றிய மாதிரி ஒழுங்காக. கூடத்து மொசைக் தரையில் ஜன்னல் வெயில். அப்புறம் ஒரு பெண்ணின் கை, விரல்களில் உளுந்து மாவு காய்ந்து வெடித்திருக்க வேண்டும். கையிலிருந்து முகம். இவ்வளவுக்கும் பின்னால் கிரைண்டர்.

அக்காவின் கையில் மாவைத் தடவி, காய்வதற்காக ஃபேன் அடியில் உட்கார வைத்தோம். அவள் அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்டை அயலுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டரில் மாவு இருந்தவரைக்கும் சத்தம் கொழகொழவென்று இருந்தது. தள்ளிவிட ஆளில்லாமல் மாவு ஓரங்களில் ஏறி ஒட்டிக்கொள்ள, கல்லோடு கல் உரசத் தொடங்கியது. யாரும் எதுவும் செய்யாமலே சத்தம் தானாகக் கடுமையாகிக்கொண்டு வந்தது. நானே எதிர்பார்க்காத வரம் அது.

ஒத்திகையின்போது ஒரு தவறு நடந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, திடீரென்று ‘டக்’ என்ற ஓசையோடு கிரைண்டர் நின்றுவிட்டது. வீடே அமைதியானது. திரும்பிப் பார்த்தால், லைட் பிடிக்க வந்தவர் சுவிட்சுப் பக்கத்தில் நிற்கிறார்.

“இன்னா சார், கல்லு சும்மா சுத்திகினு கீது, ஒருத்தரும் கண்டுக்க மாட்டேன்றீங்க? மெஷினு பூடும் சார்” என்றார், மிகவும் நியாயமாக.

டைரக்டர் அவரைத் திட்ட வாயைத் திறந்து, திட்டாமல் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். வீட்டில் யாரும் இல்லை என்று அத்தனை நேரம் நம்ப வைத்துவிட்டு, முகம் தெரிந்ததும் கிரைண்டர் நின்றால்? நிறுத்தியது யார்? டைட்டில் முடிவு எங்களுக்குக் கிடைத்துவிட்டது.

முதல் டேக் கெட்டுப்போனது கேமராமேனால். அவருக்குக் கொஞ்சம் தொப்பை. தரையில் குப்புறப் படுத்து ஊர்ந்து வந்து, அக்காவின் முகத்துக்கு நேரே வந்ததும் மூச்சு வாங்கித் தலையைக் கீழே சாய்த்துவிட்டார். அக்கா ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, “சார், நீங்களும் செத்துட்டீங்களா?” என்றாள். சொல்லிவிட்டு அடக்க மாட்டாமல் சிரித்தாள். வாய் நிறைய, தோள் குலுங்க.

இரண்டாவது டேக் சரியாக வந்தது. பால், செருப்பு, வெயில், கை, முகம். லைட்காரர் சொல்லி வைத்தபடி சுவிட்சை அணைத்தார். அந்த அமைதியில் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. டைரக்டர் “கட்” என்றார்.

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அம்மா உள்ளே வந்துவிட்டாள். “போதும், எந்திரிடி” என்று அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். கேமராமேன் பதறிப் போய் கேமராவை அணைத்தார்.

“அம்மா, ஒரே நிமிஷம்மா. சிரிச்சுட்டு எழுந்திருக்கட்டும். சம்பிரதாயம்மா” என்று டைரக்டர் கெஞ்சினார்.

“என் பொண்ணு ஒண்ணும் செத்துப் போகல தம்பி, சிரிச்சுக் காட்டறதுக்கு. பாத்தவரைக்கும் போதும் எனக்கு.”

அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாவுக் கையைக் கழுவப் போனாள். டைரக்டர் மனசு கேட்காமல் கேட்டுக்கு வெளியே பூசணிக்காயை மட்டும் உடைத்துவிட்டுப் போனார்.

அந்த டைட்டில் நன்றாகப் பேசப்பட்டது. மின்சார ரயிலில் இரண்டு பெண்கள், “கிரைண்டரப் போட்டுட்டு அந்தாண்ட போகவே பயமா இருக்குடி” என்று பேசிக்கொண்டு வந்ததை நானே கேட்டேன். பல்லாவரம் வரும்வரை அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தேன், நான்தான் அது என்று சொல்லத் துடித்தபடி. அக்காவுக்கு நூலகத்தில் புதிய அந்தஸ்து. மாணவர்கள் வந்து புத்தகத்தை நீட்டிவிட்டு அவள் கையைப் பார்ப்பார்களாம். வெள்ளிக்கிழமை தவறாமல் டிவி முன் உட்கார்ந்து, தன் முகம் வந்ததும், “என்ன மாதிரி யாரால சாக முடியும்?” என்பாள். அம்மா அந்த ஒரு நிமிடம் மட்டும் கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

மழைக்காலம் முடியும் நேரத்தில், காய்ச்சல் என்று அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தாள். கஷாயம் குடித்தாள், மாத்திரை போட்டாள், என் போர்வையையும் பிடுங்கிப் போர்த்திக்கொண்டாள். இரண்டு நாளில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போகின்றன என்றார்கள். ரத்தம் கொடுக்க அவள் கல்லூரிப் பிள்ளைகள் வேனில் வந்து இறங்கினார்கள். எல்லாம் செய்தார்கள். ஒரு வியாழக்கிழமை விடிகாலையில் அவள் போய்விட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை என்பது எனக்கு நினைவில்லை. அந்த வாரத்து டேப்பை முன்பே சேனலுக்கு அனுப்பியிருந்தோம். பக்கத்து வீடுகளில் எல்லாம் எங்களுக்காக டிவியை அணைத்து வைத்திருந்தார்கள். பின் தெருவுக்கு எங்களைத் தெரியாது. மாலையில் அம்மா சுவரோரம் உட்கார்ந்திருக்க, பின்பக்கத்து ஜன்னல் வழியாகக் கிரைண்டர் ஓடும் சத்தம் வந்தது. ஒரு வீட்டிலிருந்து அல்ல, நாலைந்து வீடுகளிலிருந்து. கொழகொழவென்று தொடங்கி, கல் உரசி, மேலும் உரசி. ஜன்னலை மூட ஓடினேன். கொக்கி துருப்பிடித்துப் போய் விழவில்லை. ‘டக்’ என்று எல்லா வீட்டிலும் ஒன்றாக நின்றது. அந்த நேரத்தில் திரையில் எந்த முகம் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பார்ப்பவர்கள் நெஞ்சை அடைக்க வேண்டும் என்று நான் பார்த்துப் பார்த்துச் செய்த சத்தம். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சாகும்வரை அந்தப் பார்வை என்னோடு இருக்கும்.

டைரக்டர் யாரும் கேட்காமலே அடுத்த வாரம் டைட்டிலை மாற்றிவிட்டார்.

காரியத்துக்கு வந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர் போகிற போக்கில் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். “பொணமா படுத்தவ சிரிச்சிட்டு எந்திரிக்கணும்னு சொன்னாங்களாமே. விடலையாமே நீ?” கெட்ட எண்ணத்தில் சொன்னதாகத் தெரியவில்லை, துக்க வீட்டில் பேசுவதற்கு ஏதாவது வேண்டுமே என்று சொன்னதுதான். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

“நான்தான்டா எழுப்பினேன். சிரிக்க விடாம எழுப்பிட்டேன்” என்று காலையில் எழுந்ததும் சொல்வாள். பால் போட வருகிறவரிடம் சொல்வாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் சொன்னாள்; அவர் என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றி நின்றார். கூடத்தில் அக்கா படுத்திருந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போவாள். கிரைண்டரைப் பழைய புடவையால் மூடிக் கட்டினாள். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், கை வாய்க்குப் போகாது. ஜாக்கெட்டெல்லாம் தொளதொளத்துப் போயின. இவளும் போய்விடுவாளோ என்று எனக்குப் பயம் வந்தது. அக்காவுக்காக அழுவதற்குக்கூட எனக்கு நேரம் இல்லாமல் போனது அதனால்தான்.

நான் வாதாடிப் பார்த்தேன். கொசுவால் வந்த காய்ச்சலுக்கும் டைட்டிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சிரித்துவிட்டு எழுந்தவர்கள் யாரும் சாகாமல் இருக்கிறார்களா என்று கேட்டேன். டாக்டரையே கூப்பிட்டுப் பேச வைத்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள்.

“நீ சொல்றதெல்லாம் சரிதான். ஆனா நான் ஒரு நிமிஷம் பொறுத்திருக்கலாம்ல?”



ஒரு நாள் மதியச் சாப்பாட்டு வேளையில், எடிட்டிங் அறையில் மற்றவர்கள் வெளியே போயிருந்தபோது, எனக்கு அந்த யோசனை வந்தது. டேப்புகளை அழித்து அழித்து மறுபடி பயன்படுத்துவதுதான் எங்கள் வழக்கம். ஆனால் டைட்டில் டேப்பை டைரக்டர் தனியாக வைத்திருப்பார். போய்க் கேட்டேன். எதற்கு என்று சொன்னதும் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். “அன்னிக்கே சொன்னேன்யா” என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்புறம் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அவள் போன பிறகு அவளை நான் அசைந்து பார்த்தது அந்த டேப்பில்தான். முதல் டேக். ஒரு கண்ணைத் திறக்கிறாள். கேமராமேனைக் கேட்கிறாள். சிரிக்கிறாள். நான் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அறைக்கதவைத் தாழ்ப்பாள் போட்டு, அடிவயிற்றிலிருந்து அழுதேன். அத்தனை நாளும் வராதது அன்று வந்தது.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

டேப்பில் சிரிப்பு முதலில் இருந்தது. சாவு பின்னால் இருந்தது. எது முதல், எது பின் என்று தீர்மானிப்பதுதான் என் தொழில். இரண்டாவது டேக்கின் கடைசியில், “கட்” என்ற குரலுக்குப் பிறகு, அம்மாவின் கை உள்ளே வந்து மணிக்கட்டைப் பிடிப்பது பதிவாகியிருந்தது. “போதும், எந்திரிடி” என்ற குரலும் இருந்தது. அதோடு படம் முடிகிறது. அந்த இடத்தில் முதல் டேக்கின் சிரிப்பை வைத்தேன். அம்மா திட்டுகிறாள், அக்கா கண்ணைத் திறந்து சிரிக்கிறாள். கேமரா அணைவதற்குள் அந்தச் சிரிப்பும் பதிவாகிவிட்டது, அன்று யாரும் கவனிக்கவில்லை. இதுதான் நான் அம்மாவிடம் சொல்லப்போகும் கதை.

சத்தம்தான் இடித்தது. சிரிப்புக்குப் பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் குரலுக்குப் பின்னால் கிரைண்டர் நின்றுபோய் அமைதி. ஒட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஓடும் சத்தத்தை உருவ முடியாது. அமைதியை நிரப்ப முடியும். அந்த ‘டக்’ ஓசையை எடுத்துவிட்டு, கிரைண்டரைக் கடைசிவரைக்கும் ஓட விட்டேன். நான் பெருமைப்பட்ட முடிவு அது. போகட்டும் என்று தூக்கி எறிந்தேன்.

குரலுக்கும் சிரிப்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது என்பதில்தான் மூன்று மதியங்கள் போயின. கொஞ்சம் கூட விட்டால் அவள் பயந்து விழித்த மாதிரி இருந்தது. நான் வருடக்கணக்கில் பயத்தை அப்படித்தான் செய்திருந்தேன், தாமதப்படுத்தித் தாமதப்படுத்தி. ஒட்டி வைத்தால் பொய்யாக இருந்தது. கடைசியில் அம்மாவின் ‘எந்திரிடி’யின் வால் முடிவதற்குள் சிரிப்பின் ஓசை மட்டும் மெல்லத் தொடங்கி, பிறகு முகம் வரும்படி வைத்தேன். பார்த்தேன். நானே நம்பிவிட்டேன். வேறு எந்த எடிட்டரைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தாலும் அவரும் நம்பியிருப்பார்.

சிடியில் பதிந்து எடுத்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தேன். அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

“ம்மா, டேப்புல ஒண்ணு கெடச்சுதும்மா. நீ கையப் புடிச்சு இழுத்தப்பவும் கேமரா ஓடிட்டுதான் இருந்திருக்கு. அவ சிரிச்சிருக்காம்மா. சிரிச்சுட்டுதான் எழுந்திருக்கா. நீ தடுக்கல.”

அம்மா எழுந்து வந்து, டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். நான் போட்டேன். அக்கா மாவு காய்ந்த கையோடு கிடந்தாள். கிரைண்டர் ஓடியது. “கட்.” அம்மாவின் வளையல் போட்ட கை வந்தது. “போதும், எந்திரிடி.” அக்கா சிரித்தாள்.

“இன்னொரு வாட்டி போடு.”

போட்டேன். அம்மா திரைக்கு இன்னும் கிட்டே நகர்ந்து பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீ சேத்ததாடா?” என்றாள்.

“இல்லம்மா.”

“நான் திட்டி அவ என்னிக்குடா சிரிச்சிருக்கா?” அம்மாவின் குரலில் கோபம் இல்லை. “மொறப்பா. இல்ல விருட்டுனு உள்ள போயிடுவா. ரெண்டு நாளைக்கு மூஞ்சக் குடுத்துப் பேசமாட்டா. பொறந்ததுலேர்ந்து அப்படித்தான். நான் வாயத் தொறந்தாலே அவளுக்கு ஆகாது. எனக்கும் அவகிட்ட வேற மாதிரி பேசத் தெரியல.”

மூன்று மதியங்கள் வெளிச்சம் பொருந்துகிறதா, சத்தம் பொருந்துகிறதா என்று பார்த்தவனுக்கு, அவர்கள் இருவரோடும் ஒரே வீட்டில் இருபத்தைந்து வருடம் இருந்தவனுக்கு, இது தெரியாமல் போயிருக்கிறது. சிடியை வெளியே எடுக்கப் போனேன்.

“அத விடு” என்றாள் அம்மா. “இருக்கட்டும். ஒரு தடவையாவது சிரிச்ச மாதிரி இருக்குல்ல.”

முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். மறுபடி போடச் சொல்லிக் கையைக் காட்டினாள். போட்டேன். கிரைண்டர் ஓடியது, அக்கா கிடந்தாள். இந்த முறை டிவியில் தன் குரல் வருவதற்கு முன்பே அம்மா முன்னால் குனிந்து, தூங்குகிற குழந்தையை எழுப்புகிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

“போதும். எந்திரிடி.”